மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, மஞ்சூர், கெத்தை: சைக்கிளில் ஐந்து நாள்

நீலகிரியைச் சைக்கிளில் சுற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் காலைத்தான் நம்புகிறார்கள். இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பழகி, தொடை கெட்டிப்பட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். ஏற்றத்தில் கால் ஓய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. இறக்கத்தில் பிரேக் விட்டுப்போனாலோ, கெத்தைக் காட்டுக்குள் பொழுது சாய்ந்துவிட்டாலோ அப்படிச் சமாளிக்க முடியாது. அதனால் இங்கே காலைப் பற்றிக் கொஞ்சமாகவும், பிரேக்கையும் நேரத்தையும் பற்றி நிறையவும் சொல்கிறோம்.

வழி

முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, 33 கி.மீ. இரண்டாம் நாள் கோத்தகிரியிலேயே தங்கி, கோடநாடு காட்சிமுனை போய்த் திரும்பலாம். போகவர 36 கி.மீ. மூன்றாம் நாள் தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டி ஊட்டி, சுமார் 30 கி.மீ. நான்காம் நாள் ஊட்டியிலிருந்து மஞ்சூர், சுமார் 33 கி.மீ. ஐந்தாம் நாள் மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு வழியாகக் காரமடை இறங்கி மேட்டுப்பாளையம் சேர்வது. அது எழுபது கி.மீ.-ஐ ஒட்டி வரும். சமவெளியில் ஒரே நாளில் 150 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி ஏறக்குறைய 1800, ஊட்டி 2240. சுமையோடு மணிக்கு 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறினால் அது நல்ல வேகம். அப்படிப் பார்த்தால் முதல் நாள் 33 கி.மீ.-க்கு மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். நிற்கும் நேரம் தனி.

ஏறுவதற்குக் குன்னூர் சாலையை எடுக்க வேண்டாம். பர்லியாறு வழியாகப் போகும் அந்தச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தும் சுற்றுலா வேனும் ஓயாமல் ஓடும். மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் வலது பக்கம் பிரியும் கோத்தகிரி சாலையில் வண்டி குறைவு, ஏற்றமும் சீராக இருக்கும். மே மாத சீசனில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குன்னூர் சாலையை மேலே போகவும் கோத்தகிரி சாலையைக் கீழே இறங்கவும் என்று போலீசார் ஒருவழியாக்குவார்கள். ஆனால் மே மாதம் இந்தப் பயணத்துக்கான மாதமே அல்ல.

ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்தான் சரியான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தை அடித்து நொறுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் பெய்தது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடிக்கும்; கோத்தகிரியும் குன்னூரும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை உறைபனி விழும். தாழ்வான வளைவுகளில் நிழல் விலகும்வரை தார்ச்சாலை வழுக்கும். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் கிளம்பினால் கூட்டமும் இருக்காது.

மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம். 36 வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துச் சாலையில் வெளி மாவட்ட வண்டிகளை ஊட்டியிலிருந்து கீழே விடுவதே இல்லை. கீழே போய்ச் சேருமிடம் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி, சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை.

வண்டி

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. முன் பல்சக்கரத்தில் மிகச் சிறியதன் பல் எண்ணிக்கை, பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முன்னால் 34, பின்னால் 34 என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் மணிக்கு 8 கி.மீ. கிட்ட வரும். செங்குத்தில் சுமையோடு அந்த வேகம் வராது. மிதி 40-க்கு இறங்கி முட்டி வலிக்கத் தொடங்கும். முன்னால் 22, பின்னால் 36 இருந்தால் அதே 60 மிதிக்கு மணிக்கு 5 கி.மீ.-க்குச் சற்றுக் குறைவாகப் போகலாம், மூச்சும் பேச்சும் நிதானமாக இருக்கும். சாதாரண 7 கியர் வண்டியில் முன்னால் 24, பின்னால் 28 என்று வருவதும் போதும். ரேஸ் சைக்கிளின் 39 பல் முன்சக்கரத்தோடு வருகிறவர்கள் கோத்தகிரி ஏற்றத்தில் வரும் குஞ்சப்பனைக்கு மேலே இறங்கித் தள்ளுவார்கள்.

டயர் 35 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. 38 மி.மீ. டயருக்கு முன்னால் 45, பின்னால் 55 பி.எஸ்.ஐ. காற்று சரியாக இருக்கும். டியூப் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ பஞ்சர் கடையில் காற்றடிக்க வழி இருக்காது. அதற்கான பித்தளை மாற்றி ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள். பைக் கடையில் காற்று பிடித்துக்கொள்ளலாம். இரண்டு டியூப், எட்டு ஒட்டு, பிரிக்காத புது சொல்யூஷன் ஒன்று, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க பழைய டயரில் வெட்டிய உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று. ஒருமுறை திறந்த சொல்யூஷன் சில மாதங்களில் உள்ளே காய்ந்துவிடும். அது பஞ்சரான பிறகுதான் தெரியவரும்.

சுமையோடு மலை ஏறும் வண்டியில் அதிகம் முறிவது பின்சக்கரத்தில் செயின் பக்கக் கம்பி (ஸ்போக்). கம்பிகள் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, கழுத்துப் பக்கம் களைத்து முறியும். கிளம்பும் முன் ஒருமுறை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துப் பெண்டு எடுத்து எல்லாக் கம்பியையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வழியில் முறிந்தால் முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு டேப்பால் கட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதற்கு இருபுறமும் உள்ள இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் ஓரளவு நேராகி ஊர் போய்ச் சேரும். மாற்றுக் கம்பி கொண்டுபோனால் அதே நீளமா என்று பாருங்கள். செயின் பக்கம் மாற்ற வேண்டுமானால் பின் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியும் வேண்டும். கருவி இல்லாமல் கம்பி மட்டும் சுமப்பது வீண்.

பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று உங்கள் வண்டிக்குரியதாகவே வாங்கிப் பையில் போடுங்கள். ரயிலிலும் பேருந்திலும் ஏற்றி இறக்கும்போது வளைவது இதுதான். வளைந்த ஹேங்கரோடு பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கியர் கம்பிக்குள் சிக்கி, கம்பியும் போய் கியரும் போய்விடும். செயினுக்கு இணைப்புக் கண்ணி இரண்டு, செயின் பிரிக்கும் கருவி, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, பிரேக் கேபிள், கியர் கேபிள் ஒவ்வொன்று, பிளாஸ்டிக் கட்டுப்பட்டை பத்து. மொத்தச் சுமை 9 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். கூடாரம், அடுப்பு எதுவும் வேண்டாம். காப்புக்காட்டில் கூடாரம் போடுவது சட்டப்படி அத்துமீறல், ஒவ்வோர் இரவும் தங்குவது ஊருக்குள்தான்.

பிரேக்

வண்டி, ஆள், சுமை மூன்றும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்று கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் உங்கள் பிரேக்குக்குள் போகிறது. மஞ்சூரிலிருந்து முள்ளிவரை இறங்குவது 1000 மீட்டரைவிட அதிகம். வழியில் 43 கொண்டை ஊசி வளைவுகள்.

டிஸ்க் பிரேக்காக இருந்தால் பேடைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் தகட்டை விட்டுவிட்டு, அதன்மேல் உள்ள உராய்வுப் பொருளின் கனத்தை மட்டும் பாருங்கள். 1 மி.மீ.-க்குக் கீழே இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் செம்மண் சேறு சேர்ந்தால் மெத்தென்ற ரெசின் பேட் ஒரே இறக்கத்தில் பாதி தேய்ந்துவிடும். கேபிளில் இயங்கும் டிஸ்க்கில் பேட் தேயத் தேய லீவர் ஹேண்டில்பார் வரை வரும். அப்போது பலரும் கேபிளை இழுத்து இறுக்குகிறார்கள். அது தவறு: பிரேக்கின் கை முன்கூட்டியே சுழன்றுவிடுவதால் மிச்சமிருக்கும் வீச்சு குறைகிறது. உள்பக்கம் உள்ள திருகைத் திருப்பி, அசையாத பேடை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுவருவதுதான் முறை. ஆயில் பிரேக்கில் டாட் வகைத் திரவம் இருந்தால் அது நாள்பட ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகி, லீவர் திடீரென்று காற்றை அழுத்துவதுபோல் உள்ளே போய்விடும். ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள்.

ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் என்றால் ரிம்மே சூடாகி, உள்ளே டியூப் வெடிக்கலாம். பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் கல்லையும் அலுமினியத் துணுக்கையும் ஒவ்வொரு இரவும் ஊசியால் நோண்டி எடுங்கள். ஈர ரிம்மில் முதல் ஓரிரு சுற்று பிரேக் பிடிக்காது என்பதை மனதில் வைத்து முன்கூட்டியே தொட ஆரம்பியுங்கள்.

ஓட்டும் முறை இதைவிட முக்கியம். வளைவு தெரிந்ததும், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். வெளிப்பக்கத்து மிதி கீழே, உடல் எடை அதன்மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். லேசாகத் தொட்டுக்கொண்டே இறங்குவது பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் பிரேக் ஆறவே நேரமில்லாமல் போவது அப்போதுதான். ஆறேழு வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நில்லுங்கள். சூடான டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும். தொட்டும் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும். தொடாமல் அருகே விரலைப் பிடித்து வெப்பம் உறைக்கிறதா என்று பாருங்கள், உறைக்காதபோது கிளம்புங்கள்.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்ப முழுச் சாலையும் வேண்டும், அதன் பின்சக்கரம் வளைவின் உள்பக்கத்தை நக்கிக்கொண்டு போகும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். உள்பக்கம் புகுந்து முந்தப் பார்க்கவே கூடாது.

ஏற்றமும் நாளும்

முதல் நாள் 6:30 மணிக்கு, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு மலையடிவாரத்தைத் தொடுங்கள். இருட்டில் கிளம்பி வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடிவாரத்திலிருந்து குஞ்சப்பனை வரை யானை நடமாடும் காடு. பலாப்பழக் காலத்தில் பழ வாசனைக்கு அவை சாலையோரத்திலேயே நிற்கும். அரவேணுவில் டீ குடித்தால் கோத்தகிரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனைக்குத் தடை உண்டு. வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். மொத்தம் 3 லிட்டர் பிடிக்கும் பாட்டில்களை வண்டியிலேயே கட்டுங்கள். ஊர்களில் தண்ணீர் ஏ.டி.எம்.-களும் டீக்கடைகளும் இருக்கின்றன. ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை. மலையேறியதும் வரும் தலைவலி இந்த உயரத்தில் பெரும்பாலும் நீர் வற்றியதால் வருவது. மணிக்கு ஒருமுறை இரண்டு வாழைப்பழமோ ஒரு கை கடலைமிட்டாயோ சாப்பிடுங்கள். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் பிடித்துக்கொள்ள அரை மணி ஆகும். உணவை முன்பையில் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை.

கோடநாடு போகும் நாள் கால் ஆறுவதற்கானது. பையை அறையில் வைத்துவிட்டு வெறும் வண்டியில் போங்கள். காட்சிமுனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடாவும் தெரியும். பக்கத்தில் நிற்கும் ரங்கசாமி மலை இருளர்கள் பூசை செய்யும் புனித மலை. சாயங்காலம் நாலு மணிக்குள் கோத்தகிரி திரும்பிவிடுங்கள். தேயிலைத் தோட்டங்களில் இருட்டத் தொடங்கும்போது கரடியும் காட்டு மாடும் வெளியே வரும்.

மூன்றாம் நாள் தொட்டபெட்டா சந்திப்புவரை ஏற்றம். அங்கிருந்து ஊட்டிக்கு இறக்கம் சின்னதுதான், ஆனால் வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் உடம்பு நடுங்கி, விரல் விறைத்து, பிரேக் லீவரை அழுத்தவே முடியாமல் போகும். மேட்டின் உச்சியிலேயே நின்று உள்பனியனை மாற்றி, காற்றுப் புகாத ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் போடுங்கள். ஜாக்கெட் போதவில்லை என்றால் டீக்கடையில் பழைய நாளிதழ் நாலு தாள் வாங்கி மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் வையுங்கள். காற்றை நன்றாகத் தடுக்கும்.

ஊட்டியில் மதியத்துக்குள் சேர்ந்தால், 10 கி.மீ. தள்ளி முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். திறந்திருக்கிறதா என்று ஊட்டியிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். நான்காம் நாள் மஞ்சூர் பாதையில் காரட்டும் பீட்ரூட்டும் விளையும் சரிவுகள், நடுநடுவே படுகர் ஊர்கள். குந்தா பாலத்துக்கு இறங்கி மறுபடியும் ஏறித்தான் மஞ்சூர். அந்தக் கடைசி ஏற்றத்துக்கு அரை லிட்டர் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். மஞ்சூரில் விடுதிகள் குறைவு. முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஊருக்குள் நுழையும்போது

தமிழ்நாட்டில் எளிதில் நலிவடையக்கூடிய பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தோடர் ஊர் மந்து, கோத்தர் ஊர் கோக்கால், படுகர் ஊர் ஹட்டி. பெயர் தெரிந்து கேட்டால் வழி சொல்கிறவரின் முகமே மாறும்.

மந்து ஒன்றின் அருகே போனால் சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். புல்வெளியில் வட்டமான கல்மதிலுக்குள் பிறைபோல் வளைந்த கூரையோடு நிற்பது கோயில். அதன் மதிலுக்குள் வெளியாட்கள் நுழையக் கூடாது, அருகே போய்ப் படம் எடுக்கவும் கூடாது. வாசலில் யாராவது தென்பட்டால் “அண்ணா, உள்ளே வரலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுத் திரும்பிவிடுங்கள். அது அவர்கள் வீடு. மேய்கிற எருமைகளைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி மெதுவாகத் தள்ளுங்கள். அவை வேகத்துக்கு மிரளும். பூத்தையல் போட்ட சால்வை வாங்க விரும்பினால் தைத்தவரிடமே வாங்குங்கள், விலையில் பேரம் வேண்டாம். ஒரு சால்வையில் வாரக்கணக்கான கைவேலை இருக்கிறது. குழந்தைகளுக்கு மிட்டாய், காசு கொடுக்காதீர்கள். அடுத்து வரும் வண்டிக்குப் பின்னால் அவர்கள் சாலையில் ஓடும்படி ஆகிவிடும்.

கெத்தை இறக்கம்

1950-களில் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் மின்நிலையங்களில் ஒன்று கெத்தையில் இருக்கிறது. அதைத் தாண்டினால் வரிசையாகக் காடு. கடை இல்லை, பஞ்சர் கடை இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. வரைபடத்தை மஞ்சூரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய நாள் மாலையே மஞ்சூரில் விசாரித்து, வனத்துறை சோதனைச்சாவடியில் சைக்கிளை விடுகிறார்களா என்று உறுதி செய்யுங்கள். யானை நடமாட்டம், காட்டுத்தீ, மண்சரிவு என்று சொல்லி மறுத்தால் வாதாட வேண்டாம், குன்னூர் வழியாக இறங்கிவிடுங்கள். இருவருக்குக் குறைவாக இந்தப் பாதையில் போகவே கூடாது.

காலை 7:30-க்கு, மூடுபனி விலகியதும் கிளம்பி, மதியம் 12 மணிக்குள் முள்ளியைத் தாண்டுவது இலக்கு. ஒரு பஞ்சர், ஒரு கம்பி முறிவு, யானைக்காக ஒரு மணி நேரக் காத்திருப்பு மூன்றும் வந்தாலும் வெளிச்சத்தில் வெள்ளியங்காடு சேர்ந்துவிடலாம். முள்ளிக்குப் பிறகு எல்லாம் இறக்கம் என்று எண்ணாதீர்கள். வெப்பம் சட்டென்று ஏறும், நடுவில் மேடுகளும் உண்டு. தண்ணீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது என்பதுதான் இங்கே ஆபத்து. ஜீப் வருவது யானைக்கு முன்பே தெரியும். நீங்கள் வளைவில் அதன் மேலேயே போய் நிற்பீர்கள். ஒவ்வொரு மறைவு வளைவுக்கு முன்பும் மணி அடியுங்கள், உரக்கப் பேசிக்கொண்டு போங்கள். ஆவி பறக்கும் சாணம், பால் வடியும் முறிந்த கிளை, மூங்கில் முறியும் ஓசை இருந்தால் நின்றுவிடுங்கள். யானை தெரிந்தால் 100 மீட்டருக்குக் குறையாமல் விலகி நின்று, வந்த பக்கமே வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். சாலையை விட்டு அது இறங்கிய பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள், பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம். பேருந்தோ ஜீப்போ வந்தால் ஓட்டுநரிடம் சொல்லி அதன் பின்னாலேயே ஒட்டிப் போங்கள். படம் எடுக்க நெருங்குவதும், பக்கவாட்டில் வேகமாகக் கடந்துவிடப் பார்ப்பதும்தான் ஆளைக் கொல்கின்றன.

விழுந்து அடிபட்டால் சிக்னல் கிடைக்கும் இடத்தில் 108. சிராய்ப்புக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்றித் தார்ப்பொடியைக் கழுவுங்கள், கட்டு அதற்குப் பிறகு. கழுத்துப்பட்டை எலும்பில் வலி இருந்தாலோ, தலையில் அடிபட்டு வாந்தி வந்தாலோ அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. வருகிற ஜீப்பில் ஏறிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் சேர்ந்ததும் வண்டியை ரயிலில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் சற்று முன்னதாகவே ஸ்டேஷனின் பார்சல் பிரிவுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். பெடலைக் கழற்றும்போது இடது பக்கத்து மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பின் கியரைப் பெரிய பல்லுக்கு மாற்றிவைத்தால் அது சட்டத்தை ஒட்டி உள்ளே ஒடுங்கும். அதன்மேல் ஒரு பழைய துணியைச் சுற்றி, பெயரும் ஊரும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் இரண்டு இடத்தில் கட்டுங்கள்.